விரியும் தொடரிலிருந்து ஓர் எண்: எந்த வழியைத் தேர்வது?

குவாண்டம் புலக் கோட்பாட்டில் உலைவுத் தொடர் (விடையை இடைவினை வலிமையின் அடுக்குகளில் எழுதும் தொடர்) ஒன்றின் முதல் உறுப்பை ஒரு மாணவர் ஒரு மாலைப் பொழுதில் கணக்கிட்டுவிடலாம். ஆறாவது உறுப்புக்கு ஒரு குழுவின் பல ஆண்டு உழைப்பு தேவைப்படும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கெழுக்களை வைத்துக்கொண்டு கடைசியில் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான கோட்பாடுகளில் அந்தத் தொடர் ஒருங்குவதில்லை. உறுப்புகள் முதலில் சிறுத்து வருகின்றன, பிறகு திரும்பிக் காரணீயப் பெருக்கத்தின் வேகத்தில் வளர்ந்துகொண்டே போகின்றன.

இந்த நிலையில் சில வழிகள் உண்டு. சரியான இடத்தில் கூட்டலை நிறுத்திக்கொள்ளலாம். தொடரைப் பின்னமாக மாற்றலாம். போரெல் முறையில் மறுகூட்டல் செய்யலாம். தொடருக்கு எட்டாத உறுப்புகளையும் சேர்த்து விரிவான தொடரைக் கட்டலாம். கணக்கிடும் அளவையே மாற்றிவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொலைதூர உறுப்புகள் எந்தக் குறியோடு, எந்த வேகத்தில் வளர்கின்றன என்று பார்த்த பிறகே முறையைத் தேர வேண்டும். அதைப் பார்க்காமல் பழக்கப்பட்ட முறையைக் கையில் எடுப்பவர்கள் அழகான, ஆனால் பொருளற்ற தசம இடங்களை அச்சிடுகிறார்கள்.

தொடர் ஏன் விரிகிறது

1952-இல் ஃப்ரீமன் டைசன் ஒரு சிறு கட்டுரையில் இதற்கான காரணத்தைச் சொன்னார். மின்காந்தத்தின் குவாண்டம் கோட்பாட்டில் எல்லா விடைகளும் மின்னூட்டத்தின் இருமடியில் எழுதப்பட்ட தொடர்கள். அந்தத் தொடர் ஒருங்குமானால், இருமடிக்கு ஒரு சிறிய எதிர்மறை மதிப்பைக் கொடுத்தாலும் அது ஒருங்கியாக வேண்டும். எதிர்மறை மதிப்பு என்றால் ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். அந்த உலகில் வெற்றிடம் நிலையாக இருக்காது. எலக்ட்ரான்கள் ஒருபுறமும் பாசிட்ரான்கள் மறுபுறமும் திரண்டு, ஆற்றல் எல்லையின்றிக் கீழே சரியும். அப்படிப்பட்ட உலகின் விடையை ஒழுங்கான தொடர் ஒன்று தர முடியாது. ஆகவே தொடர் ஒருங்காது. உறுப்புகள் ஏறத்தாழ 137-ஆவது இடம் வரை சிறுத்து, அதன்பின் பெருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு.

டைசனின் வாதம் தொடர் விரியும் என்று மட்டும் சொன்னது. எவ்வளவு வேகமாக விரியும் என்பதை முதலில் துல்லியமாகக் கண்டவர்கள் கார்ல் பெண்டரும் தாய் த்சுன் வூவும். 1969-இல் அவர்கள் எடுத்துக்கொண்டது புலக் கோட்பாட்டின் மிக எளிய உருவம்: ஒரே ஒரு துகள், சீரிசை அலையியற்றி, அதன் நிலையாற்றலில் இடப்பெயர்ச்சியின் நான்காம் அடுக்கு கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சேர்க்கையின் வலிமையை இங்கே 'க' என்று குறிப்போம். தாழ்நிலை ஆற்றலின் முதல் 75 கெழுக்களைக் கணினியில் கணக்கிட்டு, அவற்றின் வளர்ச்சி விதியையும் கண்டுபிடித்தார்கள்.

எல்லா முறைகளையும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல களம் இல்லை. விடை வேறு வழியில் எத்தனை தசம இடம் வேண்டுமானாலும் தெரியும். முதல் ஏழு கெழுக்கள்: 1/2, 3/4, −21/8, 333/16, −30885/128, 916731/256, −65518401/1024. குறி மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். இரண்டாவது கெழுவிலிருந்து அடுத்தடுத்த கெழுக்களின் விகிதத்தை, குறியை விட்டுவிட்டு எடுத்தால் 3.50, 7.93, 11.59, 14.84, 17.87. இந்த விகிதங்களுக்கு இடையிலான வேறுபாடு 4.43, 3.66, 3.25, 3.03 என்று இறங்கி 3-ஐ நெருங்குகிறது. பெண்டர்-வூ விதி சொல்வதும் இதையே: ஒவ்வொரு புதிய கெழுவும் முந்தையதைப் போல ஏறத்தாழ 3 × (உறுப்பின் வரிசை எண்) மடங்கு பெரிது.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. 'க' எதிர்மறையானால் நிலையாற்றல் இருபுறமும் கீழே விழும். துகள் தடையைத் துளைத்து வெளியேறும். அதற்கான நிகழ்தகவு 2.718... என்ற எண்ணின் அடுக்காக −1/(3|க|) வரும் அளவு. நேர்மறைப் பக்கத்துத் தொடரின் தொலைதூர உறுப்புகள், எதிர்மறைப் பக்கத்தில் நடக்கும் இந்தத் துளைப்பின் கணக்கைச் சுமந்து வருகின்றன. தொலைதூர உறுப்புகளில் ஒன்றைக்கூட நேரடியாகக் கணக்கிடாமல் இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்க வைக்கும் செய்தி.

நிறுத்திக்கொள்வது

முதல் வழி மிகப் பழையது: மிகச் சிறிய உறுப்பு வரும்வரை கூட்டி, அங்கே நிறுத்து. க = 0.1 என்று வைத்தால் உறுப்புகள் 0.5, 0.075, −0.02625, 0.02081, −0.02413, 0.03581, −0.06398. நான்காவது உறுப்புதான் மிகச் சிறியது. அதுவரை கூட்டினால் 0.56956. உண்மையான மதிப்பு 0.559146. பிழை 0.0104. சிறிய உறுப்புக்கு முன்னாலேயே நிறுத்தினால் 0.54875, பிழை ஏறத்தாழ அதே அளவு, எதிர்ப்பக்கத்தில். இரண்டின் சராசரி 0.55916. குறி மாறும் தொடரில் மிகச் சிறிய உறுப்பில் பாதியை மட்டும் சேர்ப்பது பழைய உத்தி. அது உதவுவதற்குக் காரணம் உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் நான்கு இலக்கம் பொருந்தியதில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருக்கிறது.

இந்த வழியின் துல்லியத்துக்குத் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. மிஞ்சும் பிழை மேலே சொன்ன −1/(3க) அடுக்கின் அளவில் இருக்கும். க = 0.01 என்றால் அது பதினான்கு தசம இடங்களுக்குப் பிறகே தெரியும். யாரும் கவலைப்படத் தேவையில்லை. க = 1 என்றால் இந்த வழி பயனற்றது: கூட்டுத்தொகை 0.5, 1.25, −1.375, 19.4, −221.9 என்று ஓடுகிறது.

பாடே பின்னங்கள்

இரண்டாவது வழி, தொடருக்குப் பதிலாக அதே கெழுக்களைத் தரும் ஒரு பின்னத்தை, அதாவது பல்லுறுப்புக் கோவைகள் இரண்டின் வகுத்தலை, வைத்துக்கொள்வது. க = 0.1-இல் மூன்று கெழுக்களைக் கொண்டு 0.55556, நான்கில் 0.56036, ஐந்தில் 0.55877, ஆறில் 0.55930, ஏழில் 0.55909. விடை ஒவ்வொரு முறையும் உண்மையின் மேலும் கீழும் மாறி வந்து, நடுவே அதை இறுக்கிப் பிடிக்கிறது. இது தற்செயல் அல்ல. இந்த அலையியற்றிக்குப் பாடே பின்னங்கள் உண்மையான விடையை நோக்கி ஒருங்கும் என்று 1969-இல் லோஃபெல், மார்ட்டின், சைமன், வைட்மன் ஆகியோர் நிறுவினார்கள்.

பாடேயின் பெரிய பலம், தொலைதூர உறுப்புகளைப் பற்றி எதுவும் தெரியாமலே அதைப் பயன்படுத்தலாம் என்பது. அதன் குறையும் அதுவே. தெரிந்த செய்தியை உள்ளே செலுத்த அதில் வாசல் இல்லை. க = 1-இல் ஆறு கெழுக்கள் 0.874 என்கின்றன, ஏழு கெழுக்கள் 0.765 என்கின்றன. உண்மை 0.80377. இடைவெளி மெதுவாகத்தான் சுருங்குகிறது. புலக் கோட்பாட்டுத் தொடர்களில் இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: பின்னத்தின் கீழ்ப்பகுதி நமக்குத் தேவையான மதிப்புக்கு அருகிலேயே சுழியாகி, விடை திடீரென்று வெடித்துவிடும். அப்படி வரும் பின்னத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பதே நடைமுறை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற தீர்மானம் அப்போது விடையைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பதாகவே ஆகிவிடக்கூடும். அதனால் ஒரே ஒரு பாடே பின்னத்தை மட்டும் காட்டும் ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை. முழு அட்டவணையும் வேண்டும்.

போரெல் மறுகூட்டல்

மூன்றாவது வழி நோயின் வேரைத் தொடுகிறது. கெழுக்கள் காரணீயப் பெருக்கம்போல் வளர்கின்றன என்றால், ஒவ்வொன்றையும் அதே காரணீயப் பெருக்கத்தால் வகுத்துவிடு. கிடைக்கும் புதிய தொடர் ஒருங்கும். அதைக் கூட்டி ஒரு சார்பாக எழுதி, பிறகு ஒரு தொகையீட்டின் மூலம் வகுத்ததைத் திருப்பிக்கொடு.

நம் அலையியற்றியில் முதல் உறுப்பை நீக்கிவிட்டு இதைச் செய்தால் விகிதங்கள் 3.50, 3.96, 3.86, 3.71, 3.57 என்று 3-ஐ நோக்கி அமைதியாக இறங்குகின்றன. ஏறிக்கொண்டே போன வரிசை அடங்கிவிட்டது. புதிய சார்பின் வழுப்புள்ளி, அதாவது அது ஒழுங்கு குலையும் புள்ளி, −1/3-இல் இருக்கிறது. தொகையீடு நடப்பது நேர்மறை அச்சில். வழியில் இடையூறு இல்லை. குறி மாறி வரும் தொடர்களின் நற்பேறு இது: கெடுதல் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. 1970-இல் கிராஃபி, கிரெக்கி, சைமன் மூவரும் இந்தத் தொடருக்குப் போரெல் வழி சரியான விடையையே தரும் என்று நிறுவினார்கள்.

க = 1-இல் ஆறு கெழுக்களை மட்டும் வைத்து, வகுத்த தொடரை எளிய பாடே பின்னமாக்கித் தொகையீடு செய்தேன். 0.815 வந்தது. அதே ஆறு கெழுக்களின் நேரடிப் பாடே 0.874. பிழை ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. புதிதாக ஒரு கெழுகூடக் கணக்கிடவில்லை. தொடரின் ஆறாம் வரிசைக்காக, துறையின் பேச்சில் ஆறாவது லூப்புக்காக, ஆண்டுகளைச் செலவிடும் துறையில் இந்த ஆதாயம் சிறிதல்ல.

முப்பரிமாணத்தில் நடந்த உண்மைச் சோதனை

அலையியற்றி பயிற்சிக் களம்தான். உண்மையான தேர்வு வந்தது மாறுநிலைப் புள்ளிகளில். ஒரு திரவமும் அதன் ஆவியும் வேறுபாடற்றுப்போகும் புள்ளியிலும், ஓரச்சுக் காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலையிலும் ஒரே அடுக்கெண்கள் தோன்றுகின்றன. அவற்றைத் தருவது நான்காம் அடுக்கு இடைவினை கொண்ட, முப்பரிமாண ஸ்கேலார் புலக் கோட்பாடு. அதில் இணைப்பு மாறிலி, அதாவது இடைவினையின் வலிமை, சிறியது அல்ல. அது எந்த மதிப்பில் வந்து நிற்கிறது என்பதை பீட்டா சார்பின் (அளவுகோல் மாறும்போது இணைப்பு மாறிலி மாறும் வேகத்தைத் தருவது) சுழிதான் சொல்லும். 1970-களின் பிற்பகுதியில் பேக்கர், நிக்கல், மெய்ரான் குழுவினர் ஆறு லூப் வரை கணக்கிட்ட கெழுக்கள், வழக்கமான அளவிடலில்: −1, 1, −0.4225, 0.3511, −0.3765, 0.4955, −0.7497.

பார்த்தால் சாதுவான எண்கள். சுழி இருக்க வேண்டிய இடம் 1.41 அருகில். அதைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள்: −1.41, 0.58, −0.61, 0.78, −1.32, 2.58, −5.73. சுழியாக வர வேண்டிய கூட்டுத்தொகை ஒவ்வோர் அடியிலும் விலகி ஓடுகிறது. முதல் லூப்பிலிருந்தே தொடர் பயனற்றதாகத் தோன்றும். இந்தக் கோட்பாட்டில் 'சிறிய உறுப்பில் நிறுத்து' என்ற வழிக்கு இடமே இல்லை.

1977 வாக்கில் இரு தரப்பிலிருந்து உதவி வந்தது. லெனின்கிராடில் லெவ் லிபாடோவ், புலக் கோட்பாட்டின் தொலைதூர உறுப்புகளை இன்ஸ்டன்டான் வகைத் தீர்வுகளிலிருந்து (தடையைத் துளைப்பதை விவரிக்கும் தீர்வுகள்) கணக்கிடும் வழியைக் காட்டினார். பாரிஸுக்கு அருகே சாக்ளேயில் பிரெசான், லு கீயூ, ஜின்-ஜுஸ்தான் மூவரும் அதை விரித்தெழுதினார்கள். முப்பரிமாணத் தொடருக்கு, அலையியற்றியில் 3 இருந்த இடத்தில் 0.1478 வருகிறது. அதாவது போரெல் சார்பின் வழுப்புள்ளி −6.77-இல் இருக்கிறது. இந்த ஓர் எண் தெரிந்தால் பாடேயை விட்டுவிடலாம். வழுப்புள்ளியிலிருந்து இடப்பக்கமாக ஓடும் வெட்டுக்கோட்டைத் தவிர்த்து, மீதிக் கலப்பெண் தளம் முழுவதையும் ஓரலகு வட்டத்துக்குள் கொண்டுவரும் கோணம் காக்கும் உருமாற்றம் ஒன்று உண்டு. புதிய மாறியில் எழுதிய தொடர், தொகையீட்டுப் பாதை முழுவதும் ஒருங்குகிறது.

லு கீயூவும் ஜின்-ஜுஸ்தானும் 1980-இல் இந்த வழியில் சொன்ன ஒத்துறவு நீள அடுக்கெண் (மாறுநிலையை நெருங்கும்போது ஏற்ற இறக்கங்களின் தொடர்பு எட்டும் தொலைவு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைச் சொல்வது) 0.630, பிழை எல்லை 0.0015. கன்ஃபார்மல் பூட்ஸ்ட்ராப் என்ற, தொடரே இல்லாத வேறொரு முறை 2016-இல் தந்த மதிப்பு 0.629971, கடைசி இலக்கத்தில் 4 அளவே ஐயம். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஆறு கெழுக்களையும் ஒரு துளைப்புக் கணக்கையும் வைத்துச் சொன்ன எண் நிலைத்து நின்றுவிட்டது. எளிய சராசரிப் புலக் கொள்கை தரும் 0.5-உடன் ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும்.

ஆனாலும் இந்த வழியின் பிழை எல்லைகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. முறைக்குள்ளே நாமே தேர வேண்டிய அளவுருக்கள் உண்டு. அவற்றை அசைத்துப் பார்த்து, விடை எங்கே குறைவாக அசைகிறதோ அங்கே நிற்கிறோம். அசைவின் அளவைப் பிழை என்று எழுதுகிறோம். அதில் எழுதுபவரின் கை இருக்கிறது. கைதாவும் ஜின்-ஜுஸ்தானும் 1998-இல் ஈட்டா என்ற மற்றொரு மாறுநிலை அடுக்கெண்ணுக்கு 0.0335 ± 0.0025 என்றார்கள், பூட்ஸ்ட்ராப் 0.03630 என்கிறது, எல்லைக்குச் சற்றே வெளியே. பரிமாணத்தை நான்கிலிருந்து குறைத்துக்கொண்டுவரும் எப்சிலான் விரிவில், 2017-இல் கொம்பானியெட்ஸும் பான்சரும் ஆறு லூப் வரை செய்த கணக்கு ஈட்டாவை 0.0362 ± 0.0006 என்று மிக அருகில் பிடித்தது. ஆனால் ஒத்துறவு நீள அடுக்கெண்ணை 0.6292 ± 0.0005 என்று சொல்லிச் சற்றே தவறவிட்டது. மறுகூட்டலின் பிழை எல்லையை ஒன்றரை மடங்கு விரித்தே படிப்பது என் வழக்கம்.

எதுவும் செய்யாமல் விடுவது

எலக்ட்ரானின் முரண் காந்தத் திருப்புத்திறனுக்கு (அதன் காந்தத் திருப்புத்திறன் எளிய கோட்பாட்டின் மதிப்பிலிருந்து விலகும் சிறு அளவு) இந்த ஆயுதங்கள் ஒன்றும் தேவையில்லை. ஷ்விங்கர் 1948-இல் கண்ட முதல் உறுப்பு 0.00116. அடுத்தடுத்த உறுப்புகள் ஒவ்வொன்றும் நூறு மடங்குக்கும் மேல் சிறியவை. ஐந்தாம் வரிசைக்கு 12,672 ஃபெய்ன்மன் வரைபடங்களைக் (துகள்களின் இடைவினைகளைக் குறிக்கும் படங்கள்) கணக்கிட வேண்டியிருந்தது. அதன் பங்கு பத்து லட்சம் கோடியில் சில பங்குகள்தான். 2023-இல் வெளியான அளவீடு 0.00115965218059, ஐயம் கடைசி இரண்டு இலக்கங்களில் 13. தொடர் திரும்பும் இடம் நூறாவது உறுப்புக்கும் அப்பால். இங்கே போரெல் பற்றிப் பேசுவது வீண். அந்த நேரத்தைக் கெழுக்களைச் சரிபார்ப்பதில் செலவிடலாம்.

ஒரே குறியில் வளரும் தொடர்

குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிடைவினையில் நிலைமை தலைகீழ். பி குவார்க்கின் நிறையை எடுத்துக்கொள்வோம். குறுந்தொலைவில் வரையறுத்த நிறை 4.163 கிகா எலக்ட்ரான் வோல்ட். அதிலிருந்து 'துருவ நிறை' என்ற, தனித் துகளுக்கு உரியதாகத் தோன்றும் நிறைக்குப் போகும் தொடரில் நான்கு லூப் வரையிலான திருத்தங்கள் ஏறத்தாழ 0.40, 0.20, 0.15, 0.14. மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய சமம். எல்லாம் ஒரே குறி. உறுப்புகள் சிறுப்பது நின்றேவிட்டது.

இதற்குக் காரணம் ரீனார்மலான். இன்ஸ்டன்டான்போல் இது வரைபடங்களின் எண்ணிக்கை பெருகுவதால் வருவது அல்ல. வலுவிடைவினையைக் கடத்தும் குளுவான் துகளின் ஒரே ஒரு கோட்டில் குமிழ்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட வரைபடங்களே காரணீயப் பெருக்கமாக வளர்கின்றன. இயற்பியலாளர் கெரார்ட் ட் ஹோஃப்ட் 1977-இல் இத்தாலியின் எரிச்சேயில் ஆற்றிய விரிவுரைகளில் இதை எடுத்துக்காட்டினார். போரெல் தளத்தில் வழுப்புள்ளி இப்போது நேர்மறை அச்சிலேயே, தொகையீட்டுப் பாதையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. மேலாகச் சுற்றிப் போனால் ஒரு விடை, கீழாகப் போனால் இன்னொரு விடை. எது சரி என்று தொடரால் சொல்ல முடியாது.

இங்கே மறுகூட்டலை விடாப்பிடியாகச் செய்பவர்கள் தவறான கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்பதே என் உறுதியான கருத்து. குவார்க் தனியாக வெளியே வருவதில்லை. ஆகவே தனிக் குவார்க்கின் துருவ நிறை என்பது ஓரளவுக்கு மேல் துல்லியமாக இருக்க முடியாத ஓர் அளவு. தொடர் அந்த உண்மையைத்தான் சொல்கிறது. 1994-இல் பிகி, ஷிஃப்மன், உரால்ட்செவ், வைன்ஷ்டைன் குழுவும், தனியாக பெனெக்கேயும் பிரவுனும் இதைத் தெளிவாக்கினார்கள். சரியான பரிகாரம் அளவையே மாற்றுவது: ரீனார்மலானின் பங்கைக் கழித்து வரையறுத்த குறுந்தொலைவு நிறைகளைப் பயன்படுத்துவது. அப்படிச் செய்ததும் பி குவார்க்கைக் கொண்ட பி மேசான் துகள்களின் சிதைவுகளின் தொடர்கள் ஒழுங்குக்கு வந்தன. ஏழாவது லூப் கணக்கிட்டிருந்தாலும் அந்த நன்மை கிடைத்திருக்காது.

டாப் குவார்க்கில் இந்தச் சிக்கல் கைக்கெட்டும் தொலைவில் இல்லை, திருத்தங்கள் 7.557, 1.617, 0.501, 0.195 என்று இன்னும் நன்றாகச் சிறுக்கின்றன. மிஞ்சும் தெளிவின்மை 0.11 என்று ஒரு குழுவும் 0.25 என்று இன்னொரு குழுவும் 2017-இல் மதிப்பிட்டன. செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் சோதனைகள் 2024-இல் இணைந்து வெளியிட்ட நிறை 172.52 ± 0.33 கிகா எலக்ட்ரான் வோல்ட். இந்த எண்களை அருகருகே வைத்தால், டாப் நிறையின் வரையறையை மாற்ற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது தெரியும்.

தொடருக்கு எட்டாததைச் சேர்ப்பது

ஒரே குறித் தொடருக்கு இன்னொரு பரிகாரமும் உண்டு. அது மிக அழகானது. இரட்டைக் கிணறு கொண்ட நிலையாற்றலை எடுத்துக்கொண்டால், தாழ்நிலை ஆற்றலின் கெழுக்கள் ஜின்-ஜுஸ்தானின் அளவிடலில் 1/2, −1, −9/2, −89/2, −5013/8. முதலாவதுக்குப் பிறகு எல்லாம் எதிர்மறை. போரெல் விடையில் ஒரு கற்பனைப் பகுதி தோன்றும், அதன் குறியும் பாதையைப் பொறுத்தது. ஆற்றல் மெய்யெண்ணாகத்தான் இருக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் போகொமோல்னியும் ஜின்-ஜுஸ்தானும் கண்டது: ஒரு கிணற்றிலிருந்து மறுகிணற்றுக்குப் போய்த் திரும்பும் இன்ஸ்டன்டான் இணையின் பங்கிலும் அதே அளவு தெளிவின்மை, எதிர்க்குறியோடு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஜான் எக்கால் வளர்த்த ரிசர்ஜென்ஸ் என்ற கணிதம் இதைப் பொது விதியாக்குகிறது. ஜெரால்ட் டன், மிதாத் உன்சல் போன்றோர் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இதைப் புலக் கோட்பாட்டுக்குக் கொண்டுவர முயன்று வருகிறார்கள்.

குவாண்டம் இயக்கவியலில் இது முழு வெற்றி. நான்கு பரிமாண வலுவிடைவினைக்கு ஓர் எண் வேண்டும் என்று வருபவருக்கு இதை நான் இன்னும் பரிந்துரைக்க மாட்டேன். ரீனார்மலானை ஈடுசெய்யும் தீர்வு எது என்பது அங்கே தீர்ந்தபாடில்லை. கோட்பாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கோ இதைவிட வளமான துறை எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எது

கெழுக்கள் கைக்கு வந்ததும் முதலில் விகிதங்களை எழுதிப் பாருங்கள். மூன்று கெழுக்கள் மட்டுமே இருந்து, தொலைதூர வளர்ச்சியும் தெரியாவிட்டால் பாடேயோடு நின்றுகொண்டு பெரிய பிழை எல்லையை ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் இருந்து, குறி மாறி, வழுப்புள்ளியின் இடமும் இன்ஸ்டன்டான் கணக்கிலிருந்து தெரிந்தால் போரெலும் கோணம் காக்கும் உருமாற்றமும் சேர்ந்த வழியே முதல் தேர்வு. பாடே-போரெலைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். முப்பரிமாணத்தில் இந்த மறுகூட்டல் சரியானது என்று 1970-களிலேயே கணித நிறுவல் வந்துவிட்டது. நான்கில் அத்தகைய உறுதி இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். எல்லாம் ஒரே குறியில் இருந்தால் கணினியை நிறுத்திவிட்டு, நீங்கள் கணக்கிடும் அளவு உண்மையிலேயே வரையறுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

மறுகூட்டலுக்கே எட்டாத துல்லியம் தேவைப்படும் இடங்களும் உண்டு. திரவ ஹீலியத்தை 1992-இல் விண்வெளி ஓடத்தில் எடுத்துச் சென்று, அது உராய்வின்றி ஓடும் மீப்பாய்மமாக மாறும் லாம்டா புள்ளியை அளந்தார்கள். அதிலிருந்து பெறப்பட்ட ஒத்துறவு நீள அடுக்கெண் 0.6709, ஐயம் கடைசி இலக்கத்தில் 1. 2019-இல் பூட்ஸ்ட்ராப் 0.67175 ± 0.00010 என்றது, வெளியைப் புள்ளிக் கட்டமாக்கிக் கணினியில் லாட்டிஸ் முறையில் செய்த கணக்கும் அதன் பக்கமே நிற்கிறது. 1998-இன் ஆறு லூப் மறுகூட்டல் 0.6703 ± 0.0015. அந்த எல்லைக்குள் இரு தரப்பும் அடங்கிவிடுகின்றன, ஆகவே அதைக் கொண்டு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு லூப் சேர்த்தாலும் பிழை பத்து மடங்கு சுருங்கிவிடாது. ஹீலியத்தை யாரேனும் மறுபடி அளக்கும்வரை அந்த முரண்பாடு அப்படியே இருக்கும்.